புளியங்கண்டியின் மருமகன்

புளியங்கண்டிச் சங்கத்துக்குக் கோல் அடிக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. அதனால் சுஜீவாவுக்குக் கல்யாணம் நடந்தது. மெல்பேர்ணில் இருக்கும் புளியங்கண்டிக்காரர் எவரும் இதை மறைத்ததில்லை. சிறி என்கிற சிறிகாந்தன் இதைச் சிரித்துக்கொண்டே சொல்வான். சுஜீவா இதைப் பற்றிப் பேசியதே இல்லை, இந்த வருடம் மே மாதம் வரை.

ஜூன் மாத நீண்ட வார இறுதியில் ஊர்ச் சங்கங்கள் எல்லாம் கூடி நடத்தும் உதைபந்தாட்டப் போட்டிக்கு ஒரு விதி உண்டு. ஊரில் பிறந்தவர் ஆடலாம். அவர் பிள்ளைகள் ஆடலாம். ஊரில் பெண் எடுத்தவரும் ஆடலாம். அவருக்கு 'மருமகன்' என்று பெயர். அணியை நடத்துகிற முகாமையாளருக்கும் இதே விதிதான். வெளியாட்களைக் கூலிக்குப் பிடித்து இறக்கக் கூடாது என்பதற்காக வந்த விதி அது. விதி செய்கிறவர்கள் அதில் சுவரைப் பார்க்கிறார்கள். வெல்ல நினைக்கிறவர்கள் கதவைத் தேடுகிறார்கள்.

சிறியின் ஊர் கோரைமுனை. வடக்கே கடலோரம் ஒரு துண்டு மணல். தொண்ணூறுகளின் நடுவில் அகதியாக வந்து, டண்டினோங்கில் ஒரு குளிர்க்களஞ்சியத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தான். கோரைமுனைக்காரர் மெல்பேர்ணில் ஓரிரு குடும்பங்கள்தான். சொல்லிக்கொள்ள ஊர் இருந்தது, அணி கட்ட ஆள் இல்லை. ஆகவே அவன் வேலையிடத்து அணிக்கு ஆடினான்.

அந்த அணிக்குப் பயிற்சி கொடுத்தவர் பெத்ரே என்ற ருமேனியக் கிழவர். தன் நாட்டில் பெரிய அணியொன்றுக்கு ஆடியதாகவும் பிறகு அதற்கே முகாமையாளராக இருந்ததாகவும் சொல்லிக்கொள்வார். யாரும் அதைச் சரிபார்க்கவில்லை. அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. யார் ஆடுவது, யார் வெளியே இருப்பது என்பதை முன்கூட்டிச் சொல்ல மாட்டார். எல்லோரும் உடுத்தி, சப்பாத்துக் கயிறு கட்டி முடித்த பிறகு ஒருவனைக் கூப்பிட்டு, ஜேர்சியைக் கழற்றி இன்னொருவன் கையில் கொடுக்கச் சொல்வார். ஒருமுறை சிறியைக் கூப்பிட்டார். சிறி கழற்றிக் கொடுத்துவிட்டு உடைமாற்றும் அறைக்குப் பின்னால் போய் அழுதான். அந்த வலியிலிருந்து அவன் இரக்கத்தைக் கற்றிருக்கலாம். அந்த முறையைத்தான் கற்றுக்கொண்டான்.

ஒரு சனிக்கிழமை ஜெயரட்ணம் அந்த மைதானத்துக்கு வந்தார். கணக்காளர், புளியங்கண்டிச் சங்கத்தின் தலைவர், சுஜீவாவின் அண்ணன். ஆட்டம் முடிந்ததும் சிறியிடம் போய், "தம்பி ஊரில எவடம்?" என்றார். அந்தக் கேள்விக்குள் வழக்கமாக இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கும். எந்தத் தெரு, ஆர் ஆக்கள் என்று அது மெல்ல வெளியே வரும். அன்று அதை அவர் கேட்கவில்லை. சிறியின் இடது கால் அதற்கு அவசியமில்லாமல் செய்துவிட்டது. வீட்டிலோ செவ்வாய் தோஷத்தோடு தங்கை முப்பதைத் தாண்டிக்கொண்டிருந்தாள். இரண்டு குறைகளை ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டால் இரண்டும் தீரும் என்று ஜெயரட்ணம் கணக்குப் போட்டார்.

பெண் பார்க்க மாப்பிள்ளை வரவில்லை. மாப்பிள்ளை பார்க்கப் பெண்ணைக் கூட்டிப்போனார்கள். கல்யாணத்துக்கு முந்திய மாதம், கொட்டும் மழையில், எல்லைக்கோட்டுக்கு வெளியே குடையோடு நிறுத்தி, "அந்தா, நிக்கிறார் பார், அவர்தான்" என்றார் ஜெயரட்ணம். மைதானத்தில் எல்லோரும் தலைமுதல் கால்வரை சேறு. சுஜீவா பார்த்தாள், தலையாட்டினாள். அவள் பார்த்தது வேறொருவனை என்பது பிறகுதான் தெரிந்தது. சங்கத்தின் வருடாந்த விருந்தில் செயலாளர் பாலா ஒவ்வொரு முறையும் இந்தக் கதையைச் சொல்வார். மேசைகள் எல்லாம் சிரிக்கும். சுஜீவா பிள்ளையின் தட்டில் மீன் முள் எடுத்துக்கொண்டிருப்பாள்.

சிறி அடித்தான், புளியங்கண்டி வென்றது. வருடாவருடம் என்று சொல்ல முடியாது, ஆனால் மற்ற ஊர்கள் பயப்படும் அளவுக்கு. பிறகு முழங்கால் போனது. அப்போது சங்கம் அவனை முகாமையாளராக வைத்துக்கொண்டது. அவன் அந்த வேலையில் கெட்டிக்காரன் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஒருவன் ஓடிவரும்போது தோளைப் பார்த்தே அவன் எப்போது களைப்பான் என்று சொல்வான். ஆனால் ஆட்களைத் தெரிவு செய்வது ஒரு சடங்காகிவிட்டது. உடைமாற்றும் அறையில் எல்லோரும் தயாரான பிறகு பெயரைச் சொல்வான். பெயர் சொல்லப்பட்டவன் ஜேர்சியைக் கழற்றி மற்றவனிடம் கொடுக்க வேண்டும். சொந்த மச்சினனின் மகனுக்கும் அதைச் செய்தான். பொடியன் அதன் பிறகு பந்தைத் தொடவில்லை. "பலமில்லாதவன் போறது நல்லது," என்றான் சிறி.

அந்த ஜேர்சிகள் எல்லாம் வீட்டுக்கு வந்தன. குளிர்கால ஞாயிறுகளில் சலவை மெஷினுக்கு முன்னால் சேற்று மூட்டை கிடக்கும். ஒருமுறை சுஜீவா சொன்னாள், "இந்தக் கிழமை ஒருக்கா வேற ஆரிட்டையும் குடுங்கோவன். எனக்கு விடிய வேலை."

"இது உம்மட ஊர்ச் சேட்டுத்தானே," என்றான் சிறி. "என்ர ஊர்ச் சேத்தையோ நான் கொண்டந்தனான்?"

அவளுடைய ஊர் என்பது என்ன என்று யோசித்துப் பார்க்கலாம். சின்னப் பிள்ளையாக அங்கிருந்து வெளிக்கிட்டவள். ஒரு கிணறும் யாரோ ஒருவருடைய நாயும்தான் நினைவில் இருந்தன. சிறி அந்த ஊரில் கால் வைத்ததே இல்லை. ஆனால் அதன் ஒவ்வொரு குடும்பத்திலும் யாருக்கு எந்தக் கால் வலிமை என்று அவனுக்குத் தெரியும். புளியங்கண்டி என்பது இப்போது ஒரு மைதானத்தில் ஓடும் சில சட்டைகள் என்றால், அவளைவிட அவனுக்குத்தான் அது சொந்தம். இதை அவன் உண்மையாகவே நம்பினான்.

சுஜீவா முதியோர் இல்லமொன்றில் தாதி. அங்கே அவளோடு வேலை செய்த ஒரு பெண்ணின் கணவன் சுபாங்கன், நொச்சிக்காட்டு அணிக்கு ஆடுகிறவன். அவனும் மருமகன். அந்தப் பெண்ணுக்கும் அவனுக்கும் விவாகரத்து ஆன செய்தியை அவள் சுஜீவாவிடம் மட்டும் சொல்லி அழுதாள். ஊரில் தாய் தகப்பனுக்குக்கூட இன்னும் சொல்லவில்லை. சுஜீவா அதை அன்றிரவு சாப்பாட்டு மேசையில் கணவனிடம் சொன்னாள். அவளுக்குப் பேச வேறு ஆள் இல்லை.

அடுத்த வார இறுதியில் அரையிறுதி, நொச்சிக்காட்டோடு. மத்தியஸ்தர் விசில் வாயில் வைத்த நேரம் சிறி நடுக் கோட்டுக்கு நடந்துபோனான். "இவர் உங்கட ஊருக்கு இப்ப என்ன முறை?" என்று கேட்டான், சுற்றியிருந்த எல்லோருக்கும் கேட்கும்படி. "பெண்ணை விட்டவர் மருமகனோ?"

போட்டியை நடத்தும் ஊர்ச் சங்க ஒன்றியத்தின் ஆட்கள் கூடினார்கள். விவாகரத்து ஆனவன் மருமகன் இல்லை என்று முடிவு வந்தது. சுபாங்கன் சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, மேலே ஒன்றும் இல்லாமல், கொத்துரொட்டிக் கூடாரத்தைத் தாண்டி நடந்து போனான். அவனுடைய பிள்ளைகள் அங்கே வரிசையில் நின்றார்கள். அந்த வருடம் கிண்ணம் புளியங்கண்டிக்கு.

சுஜீவாவின் சிநேகிதி வேறு இல்லத்துக்கு வேலை மாறிப் போனாள். சுஜீவா வீட்டில் சண்டை பிடிக்கவில்லை. ஜேர்சி மூட்டையை மட்டும் எடுத்துக் கராஜுக்கு வெளியே வைத்தாள். சில மாதங்களில் மகள் வினுஷாவோடு டார்னெய்டுக்குப் போய்விட்டாள். நகரத்தின் மறு கோடி அது, பாலம் தாண்டி மேற்கே. சட்டப்படி இருக்க வேண்டிய காலம் பிரிந்திருந்து, இந்த வருடம் மார்ச்சில் விவாகரத்து பெற்றாள்.

சிறி அதை ஒருவரிடமும் சொல்லவில்லை. கேரம் டவுன்ஸ் கோயிலில் யாரோ யாரிடமோ சொல்லி, அது சுபாங்கனிடம் போனது. சுபாங்கன் இப்போது ஒன்றியத்தின் நிர்வாகத்தில் இருந்தான். அவன் சத்தம் போடவில்லை. ஜெயரட்ணத்தைத் தொலைபேசியில் கூப்பிட்டு மரியாதையாகக் கேட்டான்: "அங்கிள், உங்கட முகாமையாளர் உங்கட ஊருக்கு இப்ப என்ன முறை?"

சிறிக்கு இருந்தது அந்த அணி ஒன்றுதான். யாரோ ஒருவருடைய பின்வளவில் ஓர் அறை, குளிர்க்களஞ்சியம், செவ்வாயும் வியாழனும் பயிற்சி. பயிற்சியை எடுத்துவிட்டால் மிஞ்சுவது உறைந்த பட்டாணி. ஜெயரட்ணம் ஒரு வழி சொன்னார். "பெண் வீட்டார் ஏற்றுக்கொண்டால் விடலாம் எண்டு ஒன்றியம் சொல்லுது. நான் ஏற்றால் காணாது மச்சான். சுஜீவா வந்து சொல்லவேணும்."

அவன் டார்னெய்டுக்குப் போனான். கதவைத் திறந்த வினுஷா உள்ளே பார்த்து, "மம், ஹி இஸ் ஹியர்," என்றாள்.

சுஜீவா வேலை உடுப்போடு கதிரையில் இருந்தாள். ஒரு காலை இன்னொரு கதிரையில் நீட்டி வைத்திருந்தாள். "சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வாங்கோ. அண்ணை ஃபோன் எடுத்தவர். என்னத்துக்கு வாறீங்கள் எண்டு தெரியும்."

"முழங்காலோ?" என்றான் சிறி. "உள்பக்கமோ வெளிப்பக்கமோ நோகுது?"

"உள்பக்கம்."

அவன் குனிந்து பார்த்தான். எப்படி ஐஸ் வைப்பது, எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பது, படி இறங்கும்போது எந்தக் காலை முதலில் வைப்பது என்று நிதானமாகச் சொன்னான். அவன் சொன்னதெல்லாம் சரி. அந்தச் சில நிமிடம் அவன் ஒரு நல்ல கணவனைப் போலவே இருந்தான். பிறகு, "எங்கட டீம் நவீன்ராஜுக்கும் இதுதான்," என்றான்.

"அப்ப நானும் இறங்கலாமோ?" என்றாள் சுஜீவா.

அவன் சிரித்தான். "இந்த முறை மட்டும் சுஜீவா. நீர் வந்து ஒரு சொல் சொன்னாப் போதும்."

"என்ன சொல்ல?"

"நான் உங்கட ஆள் எண்டு."

"எங்கட எண்டால் ஆரின்ர?"

"ஊரின்ர."

அவள் காலை மெதுவாகக் கீழே இறக்கினாள். "வாறன். கூட்டத்துக்கு வாறன். என்ன சொல்லுவன் எண்டு இப்ப கேக்காதேங்கோ."

அவளுடைய மௌனத்தைச் சம்மதமாக எடுத்தே பழகிப்போனவன் அவன். சந்தோஷத்தோடு எழுந்தான். வாசலில் வினுஷா, "யூ ஷுட் சே சாரி டு ஹர், அப்பா," என்றாள்.

"என்னத்துக்கு?" என்றான் சிறி. நக்கலாகக் கேட்கவில்லை. அவனுக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

கூட்டம் ஞாயிறு பின்னேரம், கிளென் வேவர்லியில், ஜெயரட்ணத்தின் வீட்டில். சிறி முதல் ஆளாக வந்து காரை வாசல் பாதையில் உள்ளே விட்டான். மற்றவர்கள் தெருவில் நிறுத்தினார்கள். கடைசியாக வந்த சுஜீவா தன் காரை அவனுடைய காருக்குப் பின்னால் நிறுத்தினாள். அவளை அந்த வீட்டில் பார்த்து வெகு நாள் என்பதால் எல்லோரும் எழுந்து, எந்தக் கதிரையைக் கொடுப்பது என்று தடுமாறினார்கள்.

ஜெயரட்ணம் விஷயத்தைச் சொன்னார். "இது எங்களுக்கு விருப்பமான வேலை இல்லை. ஆனா மச்சான், இந்தத் தீர்ப்பு உம்மட வாயாலதானே வந்தது."

"அது நொச்சிக்காட்டுக்குச் சொன்னது," என்றான் சிறி. சிலர் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அணியில் அவனுக்கு உதவியாக நின்ற அனுஷன் மட்டும் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தான். சிறி விலகினால் அணி அவனிடம் போகும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

"சுஜீவா," என்றார் ஜெயரட்ணம், "நீ சொல்லு. இவர் எங்கட ஊர் மருமகனாத் தொடருறதில உனக்கு ஆட்சேபனை இருக்கோ?"

"அண்ணை, அண்டைக்குக் குடுக்கேக்க என்னைக் கேட்டனீங்களோ?"

குசினியில் அடுப்பில் எண்ணெய் பொரியும் சத்தம் வந்தது. இறுக்கத்தைத் தளர்த்துவது தன் கடமை என்று நினைக்கிற பாலா சொன்னார், "கேட்டதுதானே தங்கச்சி. நீர் தலையாட்டினீர் தானே. ஆளை மாறிப் பாத்தெண்டாலும்."

இப்போதும் சிரித்தார்கள். பழக்கம்.

"ஓம் பாலாண்ணை," என்றாள் சுஜீவா. "ஆளை மாறித்தான் பாத்தனான். நான் பாத்தது கோலுக்க நிண்டவரை. மற்ற ஆக்கள் விழுந்தால் கை குடுத்துத் தூக்கினவர் அவர்தான். அவருக்குத்தான் ஓம் எண்டனான். இவருக்கு நான் ஓம் சொன்னதே இல்லை. அது உங்கள் எல்லாருக்கும் தெரியும். வருசா வருசம் சொல்லிச் சிரிச்சனீங்கள்." அவள் குரல் உயரவில்லை, மருந்து நேரம் சொல்கிற குரல். "அப்ப எண்டைக்கு இவர் உங்கட மருமகனாய் இருந்தவர்?"

சிறி அவளைப் பார்த்தான். பந்து வரும் திசையைத் தவறாகக் கணித்த கோல் காப்பாளன் இப்படித்தான் நிற்பான்.

"கலியாணம் எழுதினது தானே," என்றார் ஜெயரட்ணம்.

"எழுதினது. அண்டைக்கு மண்டபத்தில கிட்டப் பாக்கேக்கதான் ஆள் மாறினது தெரியும். அப்ப சொல்லியிருக்கலாம். ஆரிட்டச் சொல்லுறது? நீங்கள் பக்கத்திலதான் நிண்டனீங்கள்." அவள் சுற்றிப் பார்த்தாள். "இது காணுமோ? இன்னும் ஏதும் சொல்லவேணுமோ?"

அங்கே இருந்தவர்களுக்கு ஒரு பெண்ணின் வாழ்க்கை எப்படிப் போனது என்பது அந்த நேரத்தில் புரிந்திருக்க வேண்டும். அவர்களுக்கு வேறொன்று புரிந்தது. பாலா முன்னுக்குச் சரிந்து தாழ்ந்த குரலில் சொன்னார், "உது வெளிய போனால் எடுத்த கப் முழுக்கக் கேள்வியாகும். சுபாங்கன் சும்மா விடமாட்டான்."

"இதை எழுத வேண்டாம்," என்றார் ஜெயரட்ணம்.

அதன் பிறகு வேலை வேகமாக நடந்தது. சிறி உடல்நலம் கருதித் தானே விலகினார் என்று எழுதுவதென்று முடிவானது. அனுஷன் பொறுப்பேற்பார். விருந்தில் சிறிக்கு ஒரு பொன்னாடை போர்த்தலாம் என்று யாரோ சொன்னார்கள். வேண்டாம், அது கேள்வியைக் கிளப்பும் என்று இன்னொருவர் சொல்ல அதையும் விட்டார்கள். யாரும் சிறியின் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் ஏதாவது சொல்வான் என்று எதிர்பார்த்திருக்கலாம். அவனோ முழங்கால் இரண்டிலும் கை வைத்து, மாற்று ஆட்டக்காரருக்கான வாங்கில் இருக்கிறவனைப் போல முன்னுக்குச் சாய்ந்து இருந்தான். பெத்ரேயின் காலம் முதல் தன் அணிப் பொடியன்கள் வரை எத்தனையோ முறை பார்த்த காட்சிதான். இந்தமுறை கழற்றிக் கொடுக்கச் சட்டைகூட இல்லை.

அடுத்த விடயம் போட்டி நாளுக்கான ஐஸ்பெட்டி. யார் கொண்டுவருவது என்று பேசத் தொடங்கினார்கள்.

சுஜீவா எழுந்தாள். வாசலுக்குப் போகும் வழியில் அவன் கதிரைக்கருகே நின்றாள். "நீங்கள் சொன்ன மாதிரி ஐஸ் வைச்சனான். இப்ப சுகம்," என்றாள். அதில் குத்தல் இருந்ததா என்று அவனுக்குப் பிடிபடவில்லை. இருக்கவில்லை என்றுதான் தோன்றுகிறது. நல்லது செய்தவனுக்கு அதைச் சொல்ல வேண்டும் என்பது அவள் தொழிலின் பழக்கம். அதைவிட அதிகமாக அவனிடம் சொல்ல அவளுக்கு ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை.

அவளுடைய கார் பின்னால் நகர்ந்து தெருவில் திரும்பிப் போனது. வாசல் பாதையில் சிறியின் கார் இப்போது தனியாக நின்றது. வழியை மறித்திருந்தது அவளுடைய கார் ஒன்றுதான். அவன் எழுந்து போயிருக்கலாம். மற்றவர்களும் அவன் போவதைத்தான் விரும்பினார்கள். அவன் போனால் வாய்விட்டுப் பேசலாம்.

தேத்தண்ணியும் மீன் ரோல்ஸும் வந்தன. தட்டை நடு மேசையில் வைத்தார்கள். அனுஷன் தன் கதிரையை மெல்ல நகர்த்திக்கொண்டு சிறியின் பக்கம் வந்தான். முகத்தில் வெட்கம் இருந்தது, ஆனால் அதைவிட வரப்போகும் போட்டியின் பயம் அதிகமாக இருந்தது.

"அங்கிள், கேக்கிறன் எண்டு குறை நினைக்காதேங்கோ. நவீன்ராஜுக்கு முழங்கால் சரியில்லை. அவன்ர லெஃப்ட் பாக் இடத்துக்கு ஆரைப் போடுறது?"

ஒரு மனிதன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளக்கூடிய சில சந்தர்ப்பங்களில் அதுவும் ஒன்று. 'நீயே பார்' என்று சொல்லிவிட்டு எழுந்தால் போதும். சிறி வெளியே வாசல் பாதையைப் பார்த்தான். கார்த் திறப்பு கையில்தான் இருந்தது. அதைச் சட்டைப்பைக்குள் போட்டான்.

"லெஃப்ட் பாக்கில ஒருத்தரும் வேண்டாம்," என்றான். "மூண்டு பேரோட பின்னுக்கு நில்லுங்கோ. இஞ்ச பார்."

ரோல்ஸ் தட்டைத் தன் பக்கம் இழுத்தான். ஒவ்வொன்றாக எடுத்து மேசைத்துணியில் வைத்தான். பின்னால் மூன்று, அவற்றுக்கு முன்னால் ஒன்று, ஓரங்களில் ஓடுவதற்கு இரண்டு. ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி வைத்தான். யார் களைப்பான், யாரை எப்போது மாற்ற வேண்டும், எதிரணியின் நடு ஆட்டக்காரன் பந்தை வாங்குமுன் எந்தத் தோளைத் திருப்புவான் என்றெல்லாம் சொன்னான். குரலில் எந்த மாற்றமும் இல்லை. சுற்றியிருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். ஜெயரட்ணம்கூடக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். அனுஷன் தொலைபேசியில் படம் எடுத்தான்.

"வலப்பக்கம் சென்டர் பாக் ஏறவே கூடாது," என்றான் சிறி. "அவன் அசைஞ்சால் எல்லாம் போச்சு. அவன்தான்..."

பாலா குனிந்து அந்த ரோலை எடுத்துக் கடித்தார். "ஆறப்போகுது மச்சான்," என்றார் வாய்க்குள் உணவோடு. "நீர் சொல்லும், நான் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறன்."

சிறி பக்கத்தில் இருந்த ஒன்றை நகர்த்தி அந்த இடத்தை மூடினான்.